மழை கழுவிய கல்லும் எங்கள் கண்ணாடி அலமாரியும்

ஐப்பசி அடைமழை ஓய்ந்த பின் ஓர் ஓடையில் என்ன கிடக்கும்? சேறு கிடக்கும், மேட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த முள்மரம் கிடக்கும், யாரோ உலர்த்தி மறந்த துணிகூடக் கிடக்கும். பெரம்பலூர் மாவட்டத்தில், காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் இடையே உள்ள ஓடைகளில் இவற்றோடு ஒரு பழங்கடலும் கிடக்கும். ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்ட கல், துப்பாக்கிக் குண்டு போல் கூரிய கல், சிப்பி வடிவில் ஒரு கல். இவையெல்லாம் ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நீந்தியும் ஊர்ந்தும் வாழ்ந்த உயிர்கள்.

நாங்கள் மேல்நிலை முதலாண்டு விஞ்ஞானப் பிரிவு மாணவியர் பதினொருவர். பூகோள ஆசிரியையும் விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டரும் உடன்வர, சென்ற மழைக்காலத்தில் அங்கே போய் வந்தோம். எழுதும் கை ஒருத்தியுடையது. கருத்து பதினொருவருக்கும் பொது. உல்லாசப் பயணக் கட்டுரை எழுதுவது எங்கள் நோக்கமன்று. உண்ட புளியோதரையையும் பஸ்ஸில் பாடிய பாட்டையும் பற்றி ஏனைய வகுப்புத் தோழியர் வேறு பக்கங்களில் இனிக்க இனிக்க எழுதியிருப்பார்கள். எங்களிடம் இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று எங்கள் பெற்றோர் மேல். மற்றொன்று எங்கள் மேலேயே.

வகுப்பில் நாங்கள் இருபத்தாறு பேர். அனுமதிக் கடிதம் இருபத்தாறு வீடுகளுக்குப் போயிற்று. கையெழுத்தாகி வந்தவை பதினொன்று. மறுத்தவர்கள் காரணம் எழுதியிருந்தார்கள். மழைக்காலத்தில் ஓடைக்கா என்று பலர் கேட்டிருந்தார்கள். பெண் பிள்ளைகளைக் கல் பொறுக்கவா பள்ளிக்கு அனுப்புகிறோம் என்று ஒருவர். பரீட்சையில் இதிலிருந்து கேள்வி வருமா என்று ஒருவர். கொடைக்கானல் என்றால் உடனே பணம் கட்டுகிறேன் என்று ஓர் அப்பா!

முதல் காரணத்தை நாங்கள் மதிக்கிறோம். வெள்ளம் விளையாட்டல்ல. மருதையாற்றுக்கும் அதில் வந்து சேரும் ஓடைகளுக்கும் மேற்கே மேட்டு நிலம் உண்டு. நாம் நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும். மேலே பெய்த மழை அரைமணியில் இறங்கி வரும். ஆகவே பெய்த அன்றும் மறுநாளும் நாங்கள் போகவில்லை. நீர் வடிந்து கணுக்காலுக்கும் கீழே இறங்கிய பிறகே போனோம். தண்ணீர் அடியில் குடைந்துவிட்டுப் போன கரை இன்னொரு ஆபத்து. பார்ப்பதற்கு உறுதியாக இருக்கும். நம் தலைமேலேயே சரியும். கரைக்கும் எங்களுக்கும் இடையே ஆள் உயரத்துக்கு இடைவெளி வேண்டும் என்பது சிஸ்டரின் கட்டளை. அதை மீறியவள் பஸ்ஸிலேயே உட்கார வேண்டியிருந்தது. பெயர் சொல்ல மாட்டோம்.

ஆனால் பயம் வேறு, தடை வேறு. ஏன் மழைக்குப் பிறகே போக வேண்டும் என்று கேட்ட பெற்றோருக்கு இதைச் சொல்ல விரும்புகிறோம். காரையின் மண் களிமண். மழை அதைக் கரைத்து வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துவிடுகிறது. அந்த இடத்தைப் பார்த்தால் சின்னஞ்சிறு மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த ஒரு பொம்மை நாடு போல் இருக்கும். புல் பூண்டு மிகக் குறைவு. களிமண் கரையும், கல்லாகிப் போன ஓடு கரையாது. எனவே ஒவ்வொரு பெருமழையும் ஒரு அடுக்கை வழித்தெடுத்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்துவிட்டுப் போகிறது. அதோடு நின்றால் நல்லது. அடுத்த வெள்ளம் அதே கல்லை உருட்டி, மோதி, உடைத்து, மணலாக்கிவிடுகிறது. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே உள்ள சில நாட்கள்தாம் அக்கல் மனிதர் கண்ணில் பட வாய்ப்பு. கோடைவிடுமுறையில் போகலாமே என்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிக்கு இது எங்கள் பாடப்புத்தகத்தைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. குனிந்தபடியே நடந்த எங்களைப் பார்த்து, "என்ன கண்ணுங்களா, காசு கீசு தொலைஞ்சுபோச்சா?" என்று கேட்டார். ஆசிரியை விஷயத்தைச் சொன்னதும், "அந்தச் சுருட்டைக் கல்லா? இங்க என்னத்துக்குத் தேடுறீங்க? அந்தத் திட்டுக்குக் கீழ போங்க. பெருமழை பேஞ்சா அங்கதான் எறங்கும். மழைக்கு மழை புதுசு வரும்," என்றார். போனோம். பத்தே நிமிஷத்தில் எங்களில் ஒருத்தியின் கையில் கல்லான சுருள் ஒன்று இருந்தது. இரண்டு மணி நேரம் நாங்கள் தேடிய இடத்தில் கிடைத்தது வெறும் வெள்ளைப் பளிங்குத் துண்டுகள். அவை ஜிப்ஸம் என்று பிறகு தெரிந்தது.

அந்தச் சுருளுக்கு அம்மோனைட் என்று பெயர். கணவாய் மீனுக்கு உறவு. ஆனால் முதுகில் ஓடு உண்டு. ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். வளர வளரப் பழைய அறையை அடைத்துவிட்டுப் புதிய அறைக்குக் குடிபோகும். அறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் இடத்தில் இலை விளிம்பு போல் வளைந்து நெளிந்த கோடுகள் விழும். கல்லைத் தண்ணீரில் நனைத்துச் சாய்த்துப் பிடித்தால் அக்கோடுகள் தெரியும். கோலம் போட்டது யார் என்று கேட்கத் தோன்றும். ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்த இனம் முழுவதும் அழிந்து போயிற்று. நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமமும் இதே இனத்தின் கல்தான். பூஜை அறையில் அதை வைத்து வணங்கும் வீடுகளிலிருந்து எங்களோடு படிக்கும் தோழியர் உண்டு. துப்பாக்கிக் குண்டு போன்றது பெலெம்னைட். அதுவும் கணவாய்க்கு உறவுதான். உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கடல் அங்கே எப்படி வந்தது என்று வீட்டில் கேட்டார்கள். எங்களில் ஒருத்தியின் பாட்டி, "நோவா காலத்து வெள்ளம்," என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பாட்டியோடு வாதாடுவது மரியாதையன்று. ஆனால் அது நாற்பது நாள் வெள்ளமன்று. பெருநிலம் ஒன்றிலிருந்து பிரிந்து இந்தியா தனியே நகர்ந்துகொண்டிருந்த காலத்தில், அதன் கிழக்கு ஓரம் தாழ, கடல் உள்ளே ஏறியது. ஏறியும் இறங்கியும் நாலு கோடி ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தது. சிப்பிகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல தலைமுறை வாழ்ந்து மடிந்த படுகைகள் அப்பகுதியில் இருக்கின்றன. அரியலூர்ச் சீமையில் வெட்டியெடுத்துச் சிமெண்ட் ஆக்கும் சுண்ணாம்புக்கல்லும் இப்படிச் சேர்ந்த ஓடுகள்தாம். நம் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கக்கூடும்.

இனி, பெண் பிள்ளைகள் கல் பொறுக்குவதைப் பற்றி. இங்கிலாந்தின் தெற்குக் கரையில் லைம் ரீஜிஸ் என்ற சிற்றூரில் 1799இல் பிறந்தவர் மேரி ஆனிங். தந்தை ஒரு தச்சர். 1810இல் கடன் வைத்துவிட்டு இறந்தார். குளிர்காலப் புயல் கடற்கரைப் பாறைகளைச் சரித்த பிறகு போய், வெளிப்பட்ட கல்லுயிர்களைப் பொறுக்கி விற்றுப் பிழைத்தது அக்குடும்பம். அண்ணன் கண்டெடுத்த ஒரு பெரிய மண்டை ஓட்டின் மீதி உடலைத் தேடிக் கண்டபோது மேரிக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ. அதுதான் இக்தியோசார் என்ற கடல்வாழ் ஊர்வன. 1823இல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரின் முழு எலும்புக்கூட்டையும் கண்டார். 1833இல் ஒரு பாறைச்சரிவு அவருடைய நாயை அவர் காலடியிலேயே கொன்றது. (சிஸ்டரின் ஆள் உயரக் கட்டளை இங்கே நினைவுக்கு வருகிறது.) கனவான்கள் அவரிடம் கல்லை வாங்கி, தங்கள் பெயரில் கட்டுரை எழுதினார்கள். லண்டன் மண்ணியல் சங்கம் பெண்களை உறுப்பினராக ஏற்றது 1919இல்; மேரி 1847இலேயே இறந்துவிட்டார். எங்கள் கேள்வி இதுதான். எழுத்து வாசனை அதிகமில்லாத ஏழைப் பெண் ஒருத்தி அன்று தனியே, புயல் காற்றில், சரியும் பாறைக்கடியில் செய்ததை, ஆசிரியை பக்கத்தில் நிற்க, பகல் வெளிச்சத்தில், கணுக்கால் தண்ணீரில் நாங்கள் செய்வதற்கு ஏன் இத்தனை தயக்கம்? எங்கள் தம்பிமார் அதே ஓடையில் மீன் பிடிக்கப் போனால் யாரும் கடிதம் எழுதுவதில்லை.

பரீட்சையில் கேள்வி வருமா என்றால், வராது. அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எங்களுக்கு விருப்பமில்லை.

இரண்டாம் வழக்கு எங்கள் மேல் என்றோம். அது கசப்பானது. திட்டுக்குக் கீழே, கரையில் ஒரு முழ உயரத்தில், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகத் தட்டு அகலத்தில் ஓர் அம்மோனைட் தெரிந்தது. தொடாதே என்று ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள், எங்களில் மூவர் விடுதிச் சமையலறையிலிருந்து எடுத்து வந்திருந்த தோசைத் திருப்பியால் நெம்பிவிட்டோம். மூன்று துண்டாயிற்று. நடுத்துண்டு கைப்பட்டதும் பொடியாயிற்று. கோடிக்கணக்கான ஆண்டு கெடாமல் இருந்ததைக் கெடுக்க எங்களுக்கு அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது. திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஒருவரும் பாடவில்லை.

மறுநாள் துண்டுகளை விஞ்ஞானக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போனபோதுதான் அடுத்த அதிர்ச்சி. அந்த அலமாரியை நாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பார்த்து வருகிறோம். அன்றுதான் எண்ணினோம். நாற்பத்து மூன்று கற்கள். அம்மோனைட்டுகள், சிப்பிகள், மர நரம்பு தெரியும் கல்மரத் துண்டு ஒன்று. ஒன்றிலும் சீட்டு இல்லை. எந்த ஊர், எந்த ஓடை, எந்த வருஷம், யார் கொடுத்தது, ஒன்றும் இல்லை. பழைய மாணவிகள் ஆசையோடு கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். வாங்கியவர்களும் ஆசையோடு வாங்கி வைத்திருப்பார்கள். எழுதி வைக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர் பெயர் தெரியாத கல் அழகாக இருக்கலாம். ஆனால் அது எதற்கும் சாட்சி சொல்லாது.

டென்மார்க்கில் பிறந்த நிக்கோலாஸ் ஸ்டெனோ என்ற மருத்துவர் 1666இல் பிளாரன்ஸ் நகரில் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தார். அதுவரை வானத்திலிருந்து விழுந்தவை என்றும் பாறையில் தாமே முளைத்தவை என்றும் பலர் நம்பிய நாக்குக் கற்கள், பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று எடுத்துக் காட்டினார். (காரைக் களிமண்ணிலும் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன, எங்களுக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை.) படிந்த அடுக்குகளில் கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது என்ற விதியையும் 1669இல் அவரே எழுதினார். அவர் 1667இல் கத்தோலிக்கரானார், பிறகு குருவானார், 1677இல் ஆயரானார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாங்கள் கற்களைக் காட்டியபோது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "ஆறு நாளில் இது எந்த நாள் சிஸ்டர்?" என்று கேட்டாள். "ஐந்தாம் நாள். ஆனால் ஆண்டவருடைய நாளை உன் கைக்கடிகாரத்தை வைத்து அளக்காதே," என்றார் சிஸ்டர். ஸ்டெனோ இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஸ்டெனோவின் அந்த விதியிலிருந்துதான் எங்கள் முடிவு பிறந்தது. இதுபற்றி எங்களுக்குள்ளே இரண்டு கட்சி இருந்தது. ஒரு கட்சி, இனி எதையும் எடுக்கவே கூடாது, பார்த்துவிட்டு வர வேண்டும் என்றது. மற்றொரு கட்சி, எடுக்காவிட்டால் அடுத்த வெள்ளம் அரைத்துவிடும், அதற்கு நாம் எடுப்பதே மேல் என்றது. வாதம் இரவு உணவு மணி அடித்த பிறகும் ஓயவில்லை. கடைசியில் கண்டுகொண்டது இது. ஓடையின் மணலில் உருண்டு கிடக்கும் கல் தன் அடுக்கைவிட்டு ஏற்கெனவே பிரிந்துவிட்டது. அதை எடுப்பதால் இழப்பு சிறிது. விட்டால் அது அழியும். கரையில் பதிந்திருக்கும் கல் அப்படியன்று. தனக்கு மேலே எது, கீழே எது என்று அது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை நாம் நெம்பினால் கல் கிடைக்கும், கதை போய்விடும். ஆகவே உதிர்ந்ததை எடுக்கலாம். பதிந்ததைப் படம் வரைந்து, படம் பிடித்து, இடம் குறித்து, அறிந்தவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். சாத்தனூர்க் கல்மரப் பூங்கா போன்ற காப்பிடங்களில் சிறு சில்லைக்கூட எடுக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. 1940இல் மண்ணியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன அந்த மரம் 18 மீட்டருக்கு மேல் நீளம் கிடக்கிறது. 12 கோடி ஆண்டு என்பார்கள். வருகிறவர் எல்லாரும் ஞாபகத்துக்கு ஒரு துண்டு எடுத்திருந்தால் இன்று நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

எழுதி வைப்பதன் அருமைக்கு ஒரு சான்று. அரியலூர் மாவட்டத்தில் கல்லமேட்டில் இந்திய மண்ணியல் ஆய்வுத் துறையினர் மாபெரும் டைனோசார் ஒன்றின் எலும்புகளைக் கண்டார்கள். கால் எலும்பு ஒன்று மட்டும் இரண்டு மீட்டர் நீளம். பெருவுடல் என்ற பொருளில் பிருஹத்காயோசாரஸ் என்று 1980களின் இறுதியில் பெயரிட்டார்கள். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய நிலவிலங்குகளுள் அது ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. பொடிந்து போய்விட்டன. எஞ்சியவை அளவுகள், கோட்டோவியங்கள், சில புகைப்படங்கள். அவற்றை வைத்துக்கொண்டுதான் அறிஞர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். அந்தக் குறிப்புகளும் இல்லாதிருந்தால் அப்படி ஒரு விலங்கு நம் மண்ணில் நடந்ததாகவே யாருக்கும் தெரிந்திராது. எங்கள் நடுத்துண்டுக்கு ஒரு கோட்டோவியமாவது வரைந்திருக்கலாமே என்று நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

அவசரப்பட்டு எழுதுவதும் ஆகாது. 2020இல் குன்னத்தில் மண் வெட்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட, டைனோசார் முட்டை என்று கைபேசிகளில் செய்தி பறந்தது. பார்க்க வந்த ஆராய்ச்சியாளர்கள், அவை முட்டைகளல்ல, கடலடிச் சேறு அம்மோனைட் போன்றவற்றைச் சுற்றி உருண்டு இறுகியவை என்றார்கள். எனவே எங்கள் சீட்டில் பெயருக்கு நேரே தெரியாவிட்டால் "தெரியாது" என்றே எழுதுகிறோம். ஊரும் தேதியும் மட்டும் தவறக் கூடாது. இத்தாலிய, ஆஸ்திரிய நாட்டுப் பெயர்களைக் கண்டு மலைக்கும் தோழியருக்கு ஒரு செய்தி: 1860களில் கல்கத்தாவில் அமர்ந்து நம் பகுதிக் கல்லுயிர்களைப் பெருந்தொகுதிகளாக விவரித்த பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா என்ற மொரேவிய இளைஞரின் நூல்களில், ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்று குறிக்கப்பட்டிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் அவை பயன்படுவது அதனால்தான். அவர் 1874இல், முப்பத்தாறு வயதில், இமயத்துக்கு அப்பால் போய்த் திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். ஊட்டத்தூர், கருடமங்கலம், காரை, கல்லமேடு என்று நம் கிராமப் பெயர்கள் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக ஆராய்ச்சி நூல்களில் நிற்கின்றன. அந்த ஊர்களிலிருந்து வந்து நம் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மதருக்கு நாங்கள் எழுதிக் கொடுத்திருக்கும் மனு சிறியது. ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின் ஒரு சனிக்கிழமை காரைக்கு. திரும்பும் வழியில் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கு. தோசைத் திருப்பிக்கு அனுமதி இல்லை. நோட்டுப் புத்தகமும் பென்சிலும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் கட்டாயம். அலமாரிக் கற்களுக்கு ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை எண்ணிட்டு, தெரிந்ததை எழுதுவது. மதர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் சீட்டுக்கு வேண்டிய அட்டையை அலுவலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.

நாற்பத்து மூன்றுக்கும் "இடம் தெரியாது" என்றே எழுதி முடித்திருந்தோம். பெற்றோர் தினத்தன்று ஒரு தாயார் அலமாரி முன் வெகுநேரம் நின்றார். அனுமதி மறுத்த பதினைந்து பேரில் அவரும் ஒருவர். பதினேழாம் எண் கல்லைக் காட்டி, "இது நான் கொடுத்தது," என்றார். 1987இல் இதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தபோது, கருடமங்கலத்துப் பக்கம் தாத்தாவின் வயலில் கிணறு வெட்டுகையில் கிடைத்ததாம். எத்தனை அடி ஆழத்தில் என்று கேட்டோம். யோசித்தார். "தாத்தா இருந்தா சொல்லியிருப்பார். மூணு ஆள் ஆழம்னு சொன்னதா ஞாபகம்," என்றார். அவர் கையாலேயே சீட்டை எழுதச் சொன்னோம். எழுதினார், எழுத்து அழகாக இருக்கிறது. அவர் மகளுக்கு அடுத்த மழைக்கு அனுமதி உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டிருந்தாள்.